பதினைந்துக்குப் பதினைந்து

ஜனவரி 11

சுண்டு,

நான் கூப்பிட்டால் நீ போனை எடுக்க மாட்டாய். கடிதத்தை யாராவது வாசலிலிருந்து எடுத்து உள்ளே வைத்துத்தானே ஆக வேண்டும்? அதனால் எழுதுகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் பிரித்திருக்கிறாய் என்றால் இன்னும் இரண்டு பக்கம் பொறுத்துக்கொள்.

மூன்று வருடத்தில் இங்கே பெரிதாக எதுவும் மாறவில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கு இன்னும் என் தலையில்தான். அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில் ஒரு மேஜை போட்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறேன். மாடிப்படிக் கைப்பிடி ஆடிக்கொண்டே இருந்ததே, அதைச் சரிசெய்தாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போய்ச் சேர்ந்த ஆறாம் மாதம் பள்ளி அறிவிப்புப் பலகையில் பல்கலைக்கழகத்தின் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அப்பா அம்மாவில் ஒருவருக்கு அறுபது வயதுக்கு முன்பே ஞாபகம் போன குடும்பங்களில், பிள்ளைகளின் நினைவு எப்படி இருக்கிறது என்று ஆராய்கிறார்களாம். நாற்பது தாண்டிய, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் தன்னார்வலர்கள் வேண்டுமாம். என்னை யாரும் ஆரோக்கியமானவள் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை. போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன்.

வருடத்துக்கு ஒருமுறை, மார்ச்சில் கூப்பிடுவார்கள். மூன்றாம் மாடி, கோடியில் உள்ள அறை. ஜன்னலில் வெயில் விழாதபடி பழுப்புத்தாள் ஒட்டியிருக்கும். ஒரு பெண் ஸ்டாப்வாட்சோடு எதிரில் உட்காருவாள். பதினைந்து வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் படிப்பாள், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம் ஏதோ கட்டம், வட்டம், படம் என்று அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, "அந்த வார்த்தைங்களை இப்ப சொல்லுங்க பார்க்கலாம்" என்பாள். வலி இல்லை, ஊசி இல்லை. முடிந்ததும் பல்கலைக்கழக முத்திரை போட்ட துணிப்பை ஒன்று கொடுப்பார்கள். என்னிடம் மூன்று பை சேர்ந்துவிட்டது. ஒன்றில் உருளைக்கிழங்கு, ஒன்றில் விடைத்தாள், ஒன்றில் மற்ற இரண்டு பைகளையும் மடித்து வைக்கிறேன்.

இந்த வருடம் கூடப் பிறந்தவர்களையும் சேர்க்கிறார்கள். "உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்கள்ல, வருவாங்களா?" என்று கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டுவிட்டேன்.

வெட்கப்படாதே, நீ நன்றாகவே செய்வாய். மூன்று வருடமாக அதே பட்டியல்தான் வருகிறது. உனக்காகப் பதினைந்து வார்த்தைகளையும் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். ஐந்து ஐந்தாகப் பிரித்துப் படி. தினம் குளிக்கும்போது ஒரு தடவை சொல்லிப்பார், பத்து நாளில் மனதில் நின்றுவிடும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஜனவரி 24

அக்கா,

உன் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். படிக்கவில்லை. மடிப்பைப் பிரித்ததும் முதல் வார்த்தை மட்டும் கண்ணில் பட்டுவிட்டது. குடை. இனி அதை என்னால் மறக்க முடியாது, அதற்கும் உனக்குத்தான் நன்றி.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். கிணறு, குழாய், தொட்டி என்று தண்ணீர் மாதிரிகள் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குப் பாட்டில் பாட்டிலாக வரும். போன மாதம் விடுதி நடத்தும் ஒருவர், தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்தார். பாட்டில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. என்ன சார் இது என்று கேட்டால், "ரிப்போர்ட் நல்லா வரணும்ல மேடம்" என்கிறார். சோதித்திருந்தால் நன்றாகத்தான் வந்திருக்கும். அவர் விடுதியில் இருப்பவர்கள் குடிப்பது அந்தத் தண்ணீரை இல்லை, அவ்வளவுதான்.

மூன்று வருடமாக நீ வெதுவெதுப்பான பாட்டிலோடு அந்த மூன்றாம் மாடி ஏறியிருக்கிறாய்.

இதை நீ முதல் தடவையாகவும் செய்யவில்லை. அம்மாவின் அலமாரியை ஒழித்த அன்று படுக்கை விரிப்புகளுக்கு அடியிலிருந்து நான் எடுத்த நாற்பது பக்க நோட்டை நீ மறந்திருக்க மாட்டாய். இன்று என்ன கிழமை, வியாழன். இது எந்த மாதம், ஆகஸ்ட். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, 93, 86, 79, 72, 65. எல்லாவற்றுக்கும் உன் சிவப்பு மையில் டிக். கடைசியில் 10/10, மிக நன்று.

அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் கேட்க இருந்த கேள்விகளுக்கு நீ டியூஷன் எடுத்திருக்கிறாய். அம்மா பாஸ். "வயசுக்கேத்த மறதிதான், கவலைப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் நீ எனக்குப் போன் பண்ணினாய். "எல்லாம் சரியா இருக்காம்டி, நீ லீவு போட்டு ஓடி வராத" என்றாய். நான் எழுதிக் கொடுத்த லீவைத் திரும்ப வாங்கினேன். பதினாலு மாதம் கழித்து வந்தபோது அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, "தண்ணி டெஸ்ட் பண்ண வந்தியாம்மா? எங்க வீட்டுத் தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றாள். என் வேலை ஞாபகம் இருந்தது, நான் இல்லை.

முன்னாடியே தெரிந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை, என்றைக்கும் சொன்னதில்லை. அந்தப் பதினாலு மாதத்தில் அவளுக்கு நான் யார் என்று தெரிந்திருந்தது. அது எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது.

ஆராய்ச்சிக்கு நான் வரவில்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. எதற்காக நீ அந்த வார்த்தைகளை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தாய்?

சுண்டு


பிப்ரவரி 3

சுண்டு,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் பிரித்துவிட்டேன், முட்டாள்தனம். பக்கத்து மேஜை அறிவியல் டீச்சர், "என்ன டீச்சர், யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

இரண்டு தடவை கோபமாகப் பதில் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

நோட்டைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ கத்திய அன்று சொல்லியிருக்கலாம். அம்மாவைக் காட்டிக்கொடுப்பது போல இருந்தது, சொல்லவில்லை. டாக்டரிடம் போவதற்கு முந்தின வாரம் நர்ஸ் ஒருமுறை அதே பத்துக் கேள்விகளைக் கேட்டாள். அம்மா நாலுதான் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலு மார்க்தான் வாங்கினேன்னு சின்னவகிட்ட சொல்லிடாதடி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த வாரம் பெரிய டாக்டர் கேப்பாராமே. நீ ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறல்ல, எனக்கும் சொல்லிக் குடு" என்றாள்.

சொல்லிக் கொடுத்தேன். ஆறு நாள். நான் இப்போது தாள் திருத்தும் மேஜை அப்போது சமையலறையில் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பென்சிலோடு வந்து உட்காருவாள். ஏழு ஏழாகக் கழிக்கும்போது விரலை மேஜைக்கு அடியில் மறைத்து எண்ணுவாள். முழு மார்க் போட்டுக் காட்டிய அன்று அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். விடை தெரியாத பிள்ளைக்கு விடையைச் சொல்லிக் கொடுப்பேன். அவளுக்கு விடை தெரியவில்லை என்பதுதான் டாக்டருக்குத் தெரியவேண்டிய விடை என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது பதினாலு மாதம் ஆகியிருந்தது.

உன்னை வரவேண்டாம் என்று சொன்னது தப்பு. இதற்கு முன் ஒருநாளும் நான் இதைச் சொல்லவில்லை என்பதால் இப்போது எழுதி வைக்கிறேன்.

இனி நீ கேட்டதற்கு. முதல் வருடம் நான் படிக்காமல்தான் போனேன். அரை மணி நேரம் கழித்து அவள் கேட்டபோது ஏழு வார்த்தைதான் வந்தது. எட்டாவதற்காக ஜன்னல் பழுப்புத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பேனாவைக் காகிதத்தில் வைத்தபடி காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பு எனக்குத் தெரியும். விடை வராத பிள்ளையின் முன்னால் நான் அப்படித்தான் நிற்பேன்.

இறங்கி வந்து பஸ் நிறுத்தத்தில் நினைவுக்கு வந்ததையெல்லாம் டிக்கெட்டின் பின்னால் எழுதினேன். பதினொன்று. விட்டுப்போன நாலை அடுத்த வருடம் பிடித்துக்கொண்டேன். அந்த வருடம் பதினாலு சொன்னேன். போன வருடம் பதினைந்துக்குப் பதினைந்து. அவள், "அடேங்கப்பா, சூப்பர் டீச்சர்!" என்று எழுந்தே நின்றுவிட்டாள். வீடு வரைக்கும் சந்தோஷமாக வந்தேன். பூட்டைத் திறக்கும்போதுதான் அம்மாவின் பென்சில் ஞாபகம் வந்தது.

எனக்கு நாற்பத்தொன்பது. அம்மாவுக்கு ஆரம்பித்தது ஐம்பத்து நாலில். கணக்கு டீச்சருக்குக் கழித்துப் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வருடம் போகப்போவதில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

அம்மா கேட்டாள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு அப்படிக் கத்தியிருப்பேனா என்று யோசித்தேன். கத்தியிருப்பேன், வேறு மாதிரி கத்தியிருப்பேன். "சின்னவகிட்ட சொல்லிடாத" என்ற வரியில் இரண்டு நாள் நின்றுவிட்டேன். என்னிடம் மார்க் குறைந்துவிடும் என்று அம்மா பயந்தாளா? எனக்கு ஒரு பரீட்சையிலும் நாற்பதுக்கு மேல் வந்ததில்லை, அவள்தான் கையெழுத்துப் போடுவாள்.

கோபம் முழுதும் போய்விட்டது என்று எழுதமாட்டேன். நீ தப்பு என்று எழுதினாய், அதை வைத்துக்கொண்டேன்.

ஆனால் உடம்பு சரியில்லை என்று சொல்லாதே. நீ போகாமல் நின்றுவிட்டால் அந்தப் பதினைந்து அங்கேயே, உண்மை மாதிரி நின்றுகொண்டிருக்கும். நாளைக்கு அதை வைத்து யாராவது யாருக்காவது கவலைப்படாதீங்க என்று சொல்வார்கள். கெட்டுப்போன மாதிரியைக் கொண்டுவந்தவர் திரும்பி வந்து சொன்னால் நாங்கள் திட்ட மாட்டோம், நிஜமாகவே. பாட்டிலைக் கொட்டிவிட்டுப் புதுப் பாட்டில் கொடுப்போம். போய்ச் சொல்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நவம்பரில் இரண்டு பாட்டிலுக்கு ஒரே எண்ணை ஒட்டிவிட்டேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. கூட வேலை செய்பவர், "விடுங்க மேடம், நான் தினம் பண்றது" என்று சிரித்தார். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துப் பார்த்தேன். உன் நோட்டிலிருந்துதான் வந்தது. உண்மையிலேயே கழித்தேனா, நோட்டை ஒப்பித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

நீ சொல்லிவிட்டு எழுது. அப்புறம் என்னைக் கூப்பிடு, யோசிக்கிறேன்.

சுண்டு


மார்ச் 6

சுண்டு,

சொல்லிவிட்டேன்.

நேற்று முன்தினம் எனக்கு முறை. ஸ்டாப்வாட்ச் பெண் வழக்கம்போல, "டீச்சர், இந்த வருஷமும் கலக்கப் போறீங்க" என்று தாளை எடுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன் நானே பதினைந்தையும் சொல்லிவிட்டேன். குடை முதல் கடைசி வரை, வரிசை மாறாமல். அவள் ஸ்டாப்வாட்சை அமுக்கக்கூட இல்லை. "இன்னும் நான் படிக்கவே இல்லையே டீச்சர்" என்றாள். "அதைத்தாம்மா சொல்ல வந்தேன்" என்றேன்.

அவள் போய் ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியரைக் கூட்டிவந்தாள். மெலிந்த மனிதர், ஸ்வெட்டரில் ஒரு பொத்தான் இல்லை. நான் காப்பியடித்துப் பிடிபட்டவள் மாதிரி எழுந்து நின்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்ப அந்தக் கோடு நீங்கதானா?" என்று கேட்டார்.

கணினியில் காட்டினார். நூற்றுப் பன்னிரண்டு பேர், நூற்றுப் பன்னிரண்டு கோடு. சில கோடுகள் படுத்திருக்கின்றன, சில மெல்ல இறங்குகின்றன. ஒன்று மட்டும் எல்லாவற்றையும் தாண்டிச் சரசரவென்று ஏறுகிறது. அதைப் பற்றி இரண்டு கூட்டத்தில் பேசியிருக்கிறாராம். கணக்கு சொல்லிக்கொடுப்பது நினைவைக் காப்பாற்றுகிறதோ என்று, கணக்கு ஆசிரியர்களைத் தனியாகச் சேர்த்து ஆராய ஒரு திட்டமே எழுதி வைத்திருந்தாராம். "நல்லவேளை, இன்னும் அனுப்பல" என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பில் காப்பியடித்த பிள்ளையைப் பார்த்து, இதனால் யாருக்கு நஷ்டம் தெரியுமா, உனக்குத்தான் என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். அது சரியில்லை போலிருக்கிறது.

இரண்டு வருடக் கணக்கை அடித்துவிட்டார்கள். முதல் வருடம் சொன்ன ஏழு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். "அதுதாங்க எங்களுக்கு வேணும்" என்றார், ஏதோ நான் பரிசு கொடுத்த மாதிரி. ஏழு நல்லதா கெட்டதா என்று கேட்டேன். அதைச் சொல்ல மாட்டார்களாம், விதி. வேறு பட்டியல் எடுத்துப் புதிதாகத் தேர்வு வைத்தார்கள். எத்தனை சொன்னேன் என்று எனக்குத் தெரியும், உனக்கு எழுதப்போவதில்லை. பஸ் நிறுத்தத்தில் பையில் பேனா இருந்தது. வெளியே எடுக்கவில்லை.

உன்னிடம் சொன்னேனா தெரியவில்லை, முடிந்ததும் ஒரு துணிப்பை கொடுப்பார்கள், முத்திரை போட்டது. ஒன்றில் உருளைக்கிழங்கு, ஒன்றில் விடைத்தாள், ஒன்றில் மற்ற பைகளையே மடித்து வைக்கிறேன். இந்தத் தடவை கை நீட்டக் கூச்சமாக இருந்தது. அந்தப் பெண் பின்னாலேயே ஓடிவந்து திணித்துவிட்டாள்.

இன்னொன்று. என்னை நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் என்னைப் பற்றி ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இதுவரைக்கும் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் எல்லாவற்றிலும் ஒரே கோடாக இழுத்துவிட்டு, அடியில் "தங்கமான டீச்சர்" என்று எழுதிக் கொடுப்பாள். பேராசிரியர் அதைக் காட்டி, "இதுவும் சொல்லிக் குடுத்ததா?" என்று கேட்டார். இல்லை, அவளாகவே எழுதியது. ஆனாலும் வேறு ஆள் கேட்டார். உன் முகவரியைக் கொடுத்துவிட்டேன். படிவம் தபாலில் வரும். நீ என்ன எழுதினாலும் எனக்குக் காட்ட வேண்டாம். காட்டக்கூடாதாம்.

உள்ளதை எழுது சுண்டு. மார்க் போடத் தயங்காதே.

அக்கா


மார்ச் 20

அக்கா,

படிவம் வந்தது. இருபத்தொரு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று கட்டம்.

கேள்வி ஒன்று: சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா? பையைப் பற்றி ஜனவரியில் எழுதினாய், மார்ச்சில் அதே வரிசையில் மறுபடி எழுதியிருக்கிறாய். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்புறம் இதுவும் தோன்றியது: நீ சின்ன வயதிலிருந்தே ஒரு ஜோக்கை மூன்று தடவை சொல்கிறவள், மூன்று தடவையும் முதலில் சிரிக்கிறவளும் நீதான். இது புதுசா, பழசா? தெரியாது.

கேள்வி நாலு: பழகிய தெருவில் வழி தடுமாறுகிறாரா? உன்னோடு நான் தெருவில் நடந்து மூன்று வருடம் ஆகிறது. தெரியாது.

கேள்வி ஒன்பது: அடுப்பை அணைக்க மறக்கிறாரா? நீ இப்போது என்ன அடுப்பு வைத்திருக்கிறாய் என்றே தெரியாது.

கேள்வி பதினேழு: பிடிவாதம் அதிகமாகியிருக்கிறதா? ஆம் என்று போடப் பேனாவை எடுத்துவிட்டேன். 'முன்பு இருந்ததைவிட' என்று சின்ன எழுத்தில் இருந்தது. பேனாவை மூடிவிட்டேன்.

மொத்தம் இருபத்தொன்றில் பத்தொன்பது தெரியாது. உன் மாப்பிள்ளை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா பாஸா ஃபெயிலான்னு தெரியல. நீ ஃபெயில்" என்றார். மனிதர் எப்போதாவது பேசுவார், பேசினால் இப்படித்தான்.

இப்படியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஸ்டாப்வாட்ச் பெண்ணுக்குப் போன் பண்ணி, படிவத்துக்கு ஒரு மாதம் தவணை கேட்டேன். "நேர்ல பார்த்துட்டுத்தான் நிரப்புவேன்" என்றேன். அவள், "அப்ப நீங்களும் சேர்ந்துடுங்களேன்" என்று அதே மூச்சில் பிடித்துக்கொண்டாள். சேர்ந்துவிட்டேன். ஏப்ரல் ஒன்பதாம் தேதி எனக்கு முறை. முன்கூட்டியே ஒரு உண்மையையும் சொல்லிவிட்டேன்: "எனக்குக் குடை தெரியும்." அவள் ஒரு நிமிஷம் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பட்டியலையே தூக்கிப் போட்டாயிற்றாம்.

பன்னிரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை திரும்ப வாங்கப்போவதில்லை, நீ போன் பண்ணி எல்லாம் சரியாக இருக்கிறது என்றாலும்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், அது உனக்குக் கஷ்டமாக இருக்கும். தயார் செய்யாதே. நான் வருகிறேன் என்று வீட்டை ஒழுங்குபடுத்தாதே. சமையலறைச் சுவரிலோ கதவிலோ ஞாபகத்துக்குச் சீட்டு ஏதாவது ஒட்டி வைத்திருந்தால் கிழித்து ஒளிக்காதே. என்னிடம் என்ன பேசலாம் என்று ஒத்திகை பார்க்காதே. பையின் கதையைச் சொல்ல வேண்டும் போலிருந்தால் மூன்றாவது தடவையும் சொல். வீடும் நீயும் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே பார்த்து எழுத வேண்டும். அம்மாவிடம் நான் பார்க்கத் தவறியது அதைத்தான்.

படிவத்தை நிரப்பி உறையை ஒட்டிவிடுவேன், நீ கேட்கக்கூடாது. நீ எத்தனை சொன்னாய் என்று நானும் கேட்கமாட்டேன். மற்றபடி எது வந்தாலும் எனக்குத் தெரிந்தே வரட்டும்.

ஏப்ரல் ஏழு, காலை பத்தே கால் வண்டி. நிலையத்துக்கு வந்துவிடு. இதை மட்டும் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்துக்கொள். இதற்கு மார்க் இல்லை.

சுண்டு